தீவிர சிகிச்சைத் தலைமை மருத்துவர் பணி: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்து அரசு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றியவன் நான். அவற்றில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் பிரிவுத் தலைவனாக இருந்தேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பெற்றோர் தேநீர் அருந்தும் வேளையில் என்னிடம் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன. இவற்றுக்கு ஆங்கிலத்தில் விடை தேடிக்கொள்ள நம் பிள்ளைகளால் முடியும். ஆனால் தாத்தா பாட்டியரும், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அண்மையில் இங்கு வந்து குடியேறியவர்களும் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்கள்.

தீவிர சிகிச்சை மருத்துவர் என்பவர் யார்? அவர் மயக்க மருத்துவர்தானே?

பலர் மயக்கவியலிலிருந்து வருகிறார்கள் என்பது உண்மை. நானும் அப்படி வந்தவன்தான். ஆயினும் இது தனித் துறை. இதய மருத்துவர் இதயத்தையும் சிறுநீரக மருத்துவர் சிறுநீரகத்தையும் பார்க்கிறார்கள் என்றால், ஒரே நேரத்தில் நுரையீரல், இதயம், சிறுநீரகம், குருதி உறைதல் ஆகிய எல்லாம் தடுமாறும் நோயாளியை முழு மனிதராகப் பார்த்து, ஓர் உறுப்புக்குச் செய்யும் உதவி இன்னோர் உறுப்பைக் கெடுக்காமல் காப்பவரே தீவிர சிகிச்சை மருத்துவர். கருவிகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. செயற்கைச் சுவாசக் கருவியான வென்டிலேட்டர் நிமோனியாவை ஆற்றாது. மருந்தும் உடலின் சொந்த வலிமையும் வேலை செய்வதற்கு வேண்டிய நாட்களை வாங்கிக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்தத் துறை எப்படித் தோன்றியது?

1952ஆம் ஆண்டு கோடையில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பெரும் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களை, உடலைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைக் குறைத்து மூச்சை உள்ளிழுக்கச் செய்யும் அக்காலக் கருவிகளில் வைத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று வாரங்களில் அப்படிச் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், அறுவை அரங்கில் தாம் நாள்தோறும் செய்வதையே இங்கும் செய்யலாம் என்றார். ஆகஸ்டு மாதம் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையை அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார், சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து கையாலேயே பையை அழுத்தினார்கள். மறு ஆண்டே இப்சன் அந்நகரில் தனித் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றை அமைத்தார். இத்துறையின் முதல் வென்டிலேட்டர் மாணவரின் கை என்று பட்டம் முடித்துப் பயிற்சிக்கு வரும் புதிய இன்டர்ன்களிடம் நான் சொல்வதுண்டு.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1967 டிசம்பர் 3ஆம் நாள் கேப் டவுனின் குரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்தியான் பர்னார்ட் செய்த முதல் மனித இதய மாற்று அறுவையை அனைவரும் அறிவர். அந்நோயாளி 18 நாட்களுக்குப் பின் நிமோனியாவால் இறந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புதிய இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. அறுவைக்குப் பிந்திய நாட்களே அவரை வீழ்த்தின. அந்த நாட்கள்தான் எங்கள் துறை.

இந்த நிலையை எட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும்?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். விடை கேட்டதும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள். மருத்துவப் பட்டத்துக்கு இப்போது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆறு ஆண்டுகள். பின்பு இன்டர்னாக இரண்டு ஆண்டுகள், 1998 முதல் கட்டாயமாக்கப்பட்ட சமூகப் பணி ஓராண்டு. அதன்பின் மயக்கவியல், பொது மருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம், அவசர மருத்துவம் முதலிய அடிப்படைத் துறைகளில் ஒன்றில் ரெஜிஸ்ட்ராராக, அதாவது சிறப்பு மருத்துவப் பயிற்சி பெறுபவராக, நான்கு ஆண்டுகள். அக்காலத்தில் தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகளின் அமைப்பு நடத்தும் தேர்வுகளில் தேற வேண்டும். முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேடும் எழுத வேண்டும். சிறப்பு மருத்துவராகப் பதிவு பெற்ற பிறகே தீவிர சிகிச்சை என்னும் உட்பிரிவில் இரண்டு ஆண்டுப் பயிற்சி.

கூட்டினால் 15 ஆண்டுகள். ஆனால் ரெஜிஸ்ட்ரார் இடங்கள் குறைவு. இடம் கிடைக்கும்வரை மருத்துவ அலுவலராகப் பணியாற்றி, முதல்நிலைத் தேர்வையும் மயக்கவியல் டிப்ளோமா போன்றவற்றையும் முடித்துக்கொண்டு காத்திருக்க நேரும். ஆகவே நாற்பதை நெருங்கும்போது முழுத் தகுதி பெற்றவர்களே மிகுதி. இடைப்பட்ட ஆண்டுகளில் சம்பளம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை நாற்பது வயதுவரை வீட்டுச் செலவில் படிப்பதாக எண்ணிக் கலங்க வேண்டாம்.

டர்பனிலேயே படிக்க முடியுமா?

முடியும். அம்பிலோ சாலையில் உள்ள மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கப்பட்டது. முதல் அணி 1957இல் பட்டம் பெற்றது. வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்றே இனப்பாகுபாட்டு ஆட்சி ஏற்படுத்திய கல்லூரி அது. இனப்பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோ அங்கே படித்தவர். 2000ஆம் ஆண்டு முதல் அது நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2004 முதல் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் பகுதியாக உள்ளது.

அக்கல்லூரிக்கு முன் நம்மவர்கள் கப்பலேறித்தான் மருத்துவம் படித்தார்கள். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பின் அதே துறைமுகத்திலிருந்து நம் இளைஞர்கள் எடின்பரோ நகருக்குப் புறப்பட்டார்கள். டாக்டர் மான்ட்டி நாயக்கரும் டாக்டர் கூனமும் அவ்வாறு போய்ப் படித்து வந்தவர்கள். கூனம் அம்மையார் 1936இல் தேறி டர்பனுக்குத் திரும்பினார். இந்நாட்டின் முதல் இந்திய வம்சாவளிப் பெண் மருத்துவர் என்று போற்றப்படுகிறார். 1946ஆம் ஆண்டின் சாத்வீக எதிர்ப்புப் போராட்டத்தில் இருவருமே சிறை சென்றார்கள். மருத்துவத் தலைமை என்ற சொல்லைக் கேட்கும்போது, பதவிப் பலகைகளுக்கு முன்னால் எனக்கு நினைவில் வருபவர்கள் அவ்விருவரும்தான்.

சுலு மொழி தெரிய வேண்டுமா?

கட்டாயம் தெரிய வேண்டும். நோயாளியின் தாயாரிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, "உங்கள் மகன் பிழைக்க மாட்டார்" என்று சொல்வது இருவருக்குமே கொடுமை.

பணி நாள் எப்படி இருக்கும்?

காலை ஏழரை மணிக்கு இரவு மருத்துவர் ஒப்படைப்பு. பின்னர் படுக்கை படுக்கையாகச் சுற்று. ஒவ்வொரு நோயாளியையும் தலை முதல் கால் வரை, மூளை, சுவாசம், குருதியோட்டம், சிறுநீரகம், உணவு, தொற்று, தோல் என்று முறை தவறாமல் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வேலை இது. இன்று இந்தக் குழாயை எடுத்துவிடலாமா, இந்த நுண்ணுயிர்க்கொல்லியை நிறுத்தலாமா, தூக்க மருந்தைக் குறைத்து எழுப்பிப் பார்க்கலாமா என்று நாள்தோறும் கேட்பதில்தான் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. தொலைக்காட்சித் தொடர்களில் வருவது போல் மார்பை அழுத்திக் கத்தும் காட்சி எங்கள் பிரிவில் அடிக்கடி நடந்தால், யாரோ எதையோ ஆறு மணி நேரத்துக்கு முன்பே கவனிக்கத் தவறிவிட்டார் என்று பொருள்.

மாலையிலும் ஒரு சுற்று உண்டு. இடையில் குடும்பத்தாருடன் சந்திப்பு. நாள் முழுதும் அடித்துக்கொண்டே இருப்பது தொலைபேசி. மாகாணத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரு மருத்துவர், "ஒரு படுக்கை இருக்கிறதா?" என்று கேட்பார்.

படுக்கை யாருக்கு என்று யார் முடிவு செய்கிறார்? பணம் உள்ளவருக்கா?

என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் மிக முக்கியமான கேள்வி இது. எனவே சற்று நீட்டியே விடை சொல்கிறேன்.

2007இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 23 விழுக்காட்டில் மட்டுமே தீவிர அல்லது உயர்கவனிப்புப் பிரிவு இருந்தது. தனியார் மருத்துவமனைகளில் 84 விழுக்காட்டில் இருந்தது. பெரும்பாலான படுக்கைகள் ஹவுட்டெங், மேற்குக் கேப், குவாசுலு-நேட்டால் ஆகிய மூன்று மாகாணங்களில் குவிந்திருந்தன. மருத்துவக் காப்பீடு இல்லாத பெரும்பான்மை மக்கள் அரசு மருத்துவமனைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆக, அரசு மருத்துவமனையில் ஒரு படுக்கைக்கு மூன்று நான்கு பேர் காத்திருக்கும் இரவு அரிதானதன்று.

இது பற்றி நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றமே தீர்ப்பு வழங்கியிருக்கிறது. வழக்குத் தொடுத்தவர் நம்மவர். டர்பனில் வாழ்ந்த தியாகராஜ் சுப்ரமணி. வயது 41, வேலையில்லை. நீரிழிவு, இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இரு சிறுநீரகங்களும் முற்றிலும் செயலிழந்திருந்தன. தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டு கையிலிருந்த பணம் தீர்ந்த பின், அடிங்டன் அரசு மருத்துவமனை தமக்கு அச்சிகிச்சையை அளிக்க வேண்டும் என்று வழக்காடினார். அங்கே இருந்தவை 20 டயாலிசிஸ் கருவிகள். குணமாகக்கூடிய திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு முதலிடம். நாட்பட்ட நோயாளிகளில் சிறுநீரக மாற்றுக்குத் தகுதி பெற்றவர்களுக்கு மட்டுமே இடம் என்று எழுத்தில் விதிமுறை இருந்தது. இதய நோய் இருந்ததால் அவர் மாற்று அறுவைக்குத் தகுதி பெறவில்லை. அவசர மருத்துவ உதவியை எவருக்கும் மறுக்கக் கூடாது என்று சாசனத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் வாரந்தோறும் வாழ்நாள் முழுதும் தேவைப்படும் சிகிச்சை அவசர உதவி என்னும் வரையறைக்குள் வராது என்றும், பற்றாக்குறையான வளத்தைப் பகிர்வதில் மருத்துவர்கள் நேர்மையாகவும் காரண அடிப்படையிலும் எடுத்த முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்றும் 1997 நவம்பர் 27ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதன்பின் சில நாட்களில் அவர் இறந்தார்.

நம் சமூகத்தில் பலருக்கு இத்தீர்ப்பின் மேல் இன்றும் கோபம் உண்டு. அக்கோபத்தை நான் குறை கூற மாட்டேன். ஆனால் தொழில் கற்ற ஒருவனாக நான் அதில் கவனித்தது வேறு. அந்த மருத்துவமனையின் முடிவு நீதிமன்றத்தில் நின்றதற்குக் காரணம், எழுதப்பட்ட விதிமுறை ஒன்று இருந்ததும், எவருக்கும் அது ஒன்றுபோலவே பொருந்தியதும்தான். எழுதாத முடிவு சரியாகவே இருந்தாலும், அதை நடுநிலையானது என்று யாரிடமும் காட்ட முடியாது.

இதை நான் தடுக்கி விழுந்துதான் கற்றேன். இளம் நிபுணனாக இருந்தபோது ஓர் இரவு, வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து தொலைபேசியில் கேட்ட படுக்கையை மறுத்துவிட்டுத் தூங்கப் போனேன். ஏதோ ஒரு காரணம் இருந்தது. சில வாரங்களுக்குப் பின் இறந்தவரின் மூத்த சகோதரி என்னைத் தேடி வந்து, "எதனால் இல்லை என்றீர்கள்?" என்று அமைதியாகக் கேட்டார். எனக்குக் காரணம் நினைவில் இல்லை. எங்கும் எழுதியும் வைக்கவில்லை. அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன்: கேட்டவர் யார், நேரம் என்ன, நோயாளியின் நிலை, அப்போது உள்ளே இருந்தவர்கள் யார் யார், மறுப்பின் காரணம், பதிலாகச் சொன்ன ஆலோசனை. பின்னாளில் பிரிவு முழுவதற்கும் அதுவே மறுப்புப் பதிவேடு ஆயிற்று. மாதந்தோறும் செவிலியர் தலைவியும் வேறு துறை மருத்துவர் ஒருவரும் உடன் அமர்ந்து, அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேள்வி கேட்பார்கள். முதல் ஆண்டு அந்தக் கூட்டங்கள் எனக்குப் பிடிக்கவில்லை.

படுக்கை மறுக்கப்பட்டால் நோயாளி கைவிடப்பட்டார் என்று பொருளா?

இல்லை. இரண்டு வகையினருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உதவாது: சாதாரண வார்டிலேயே குணமாகிவிடக்கூடியவர்கள், எந்தக் கருவியாலும் மீட்க முடியாதவர்கள். இரண்டாம் வகையினருக்கு வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை உண்டு; அதுவும் மருத்துவமே. ஐயம் உள்ள இடத்தில், மூன்று நாள் முயன்று பார்ப்போம், முன்னேற்றம் இல்லையேல் மீண்டும் பேசுவோம் என்று நாள் குறித்துக்கொண்டு அனுமதிப்பதும் வழக்கம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இடம் தர மாட்டார்கள் என்று முன்பு சொன்னார்களே?

முன்பு அப்படி நினைத்தவர்கள் உண்டு. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தது நம் ஊர்தான். டர்பன் எட்டாம் எட்வர்ட் அரசர் மருத்துவமனையின் அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 402 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 1997இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. சிகிச்சை அளித்தவர்களுக்கு யாருக்குத் தொற்று உண்டு என்பது தெரியாதபடி அது நடத்தப்பட்டது. தொற்று உள்ளவர்களுக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாக வந்தபோதிலும், இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. தொற்று என்ற ஒன்றை மட்டும் காரணமாக்கி இடம் மறுக்கலாகாது என்பதற்கு இந்த ஆய்வு வலுவான சான்றாயிற்று. இந்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்து பரவலாகக் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்த முடிவு இது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மூத்த மருத்துவர் ஆன பின் 'தலைமை' என்பது என்ன பதவி? அவர் நோயாளிகளைப் பார்ப்பதில்லையா?

அரசுத் துறையில் மருத்துவ அலுவலர், ரெஜிஸ்ட்ரார், நிபுணர், மருத்துவப் பிரிவுத் தலைவர், துறைத் தலைவர் என்று படிகள் உள்ளன. பெரிய மருத்துவமனைகளில் பிரிவுத் தலைவர் மாகாண அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒருசேர ஊழியராக இருப்பார். இரு முதலாளிகளுக்கும் கடிதம் எழுதியே விரல் தேயும். மருத்துவமனையின் தலைமை நிர்வாகி வேறு. அவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்ட தலைவர் விரைவில் பிரிவின் நாடியை இழந்துவிடுவார் என்பது என் கருத்து. கடைசி ஆண்டுவரை நான் வாரச் சுற்றை விடவில்லை. ஆனால் வேலையின் எடை மாறிவிடுகிறது. வெளியில் உள்ளவர்கள் படுக்கை என்றால் கட்டிலையும் வென்டிலேட்டரையும் நினைக்கிறார்கள். உண்மையில் படுக்கை என்றால் செவிலியர். வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு செவிலியர் வேண்டும். அத்துறையில் பயின்ற செவிலியர் நாடெங்கும் பற்றாக்குறை. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் போனதால், புத்தம்புது கருவிகள் உறையோடு நிற்க, நான்கு படுக்கைகளை மூடி வைத்த காலம் எனக்கு உண்டு. புதிய கருவி வாங்கியதைப் புகைப்படம் எடுக்க வந்தவர்கள், செவிலியர் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு விடை எழுதவில்லை.

மற்றபடி, கை கழுவுவதைக் கண்காணிப்பது, மருந்துகளுக்கு மசியாத கிருமி புகுந்தால் பிரிவை இரண்டாகப் பிரிப்பது, ஆக்சிஜன் குழாய் அழுத்தம், பணி முறைப்பட்டியல், இறந்தவர்கள் ஒவ்வொருவரின் கோப்பையும் பழி சுமத்தாமல் ஆராயும் கூட்டம் ஆகியவை உள்ளன. இவற்றினும் மேலானதாக நான் கருதுவது ஒன்றே: இரவு இரண்டு மணிக்கு யாருக்குப் படுக்கை என்று முடிவு செய்யும் சுமை 29 வயது ரெஜிஸ்ட்ரார் ஒருவரின் தோளில் தனியாக விழாமல் பார்த்துக்கொள்வது. எழுப்பினால் கோபித்துக்கொள்ளும் தலைவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். "தூங்கிக்கொண்டிருந்தீர்களா, மன்னிக்கவும்" என்று தொடங்குபவர்களிடம், "அதற்குத்தான் எனக்குச் சம்பளம், சொல்லுங்கள்" என்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன். என் மனைவிக்கும் அது மனப்பாடம்.

ஒரு முறை கற்றுக்கொண்டால் போதுமா, தொடர்ந்து படிக்க வேண்டுமா?

நான் உறுதியாக நம்பிக் கற்பித்த பலவற்றை நானே திரும்பப் பெற்றிருக்கிறேன். ஒரு காலத்தில் கடும் நுரையீரல் பாதிப்புள்ளவருக்குப் பெருமூச்சாகக் காற்றைச் செலுத்தினோம். 2000ஆம் ஆண்டில் வந்த அமெரிக்க ஆய்வு, உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதிலாக 6 மில்லிலிட்டர் செலுத்தினால் இறப்பு ஏறத்தாழ 40 விழுக்காட்டிலிருந்து 31 ஆகக் குறைகிறது என்று காட்டியது. பின்பு குருதிச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்துவதே நல்லது என்று நம்பினோம். 6,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில் அவ்வாறு செய்தால் இறப்பு கூடுகிறது என்று தெரிந்தது. நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

என்னை உலுக்கியது 2011இல் வந்த ஆய்வு. உகாண்டா, கென்யா, டான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு குருதியோட்டம் குன்றிய 3,141 குழந்தைகளில், நரம்பு வழியாக விரைவாக நீர் ஏற்றப்பட்டவர்களே கூடுதலாக இறந்தார்கள்: 48 மணி நேரத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல், ஏற்றப்படாதவர்களில் ஏழு. வளமான நாடுகளின் பாடநூலை அப்படியே இங்கு இறக்குமதி செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால் வருமானம் கூடுதலா?

பெரும்பாலும் கூடுதல். ஆனால் அமைப்பே வேறு. தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர்கள் பொதுவாக ஊழியர்கள் அல்லர். தம் பெயரில் தொழில் நடத்துபவர்கள். பல இடங்களில் ஒவ்வொரு நிபுணரும் தம் நோயாளியைத் தாமே தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்கும் திறந்த முறை உள்ளது. அரசுப் பயிற்சி மருத்துவமனைகளிலோ, உள்ளே வந்தவர் அனைவரும் தீவிர சிகிச்சைக் குழுவின் பொறுப்பு. இரண்டாவது முறையே நோயாளிக்கு நல்லது என்பது என் எண்ணம். தனியாரில் இருக்கும் என் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நோயாளியின் நெற்றியில் விபூதி பூசலாமா? மந்திரம் சொல்லலாமா?

பூசலாம், கண்ணுக்கும் குழாய்களுக்கும் அருகில் படாமல் ஒரு கீற்று. தேவாரம் பாடலாம், மெல்ல. கையில் கட்டிய மஞ்சள் கயிற்றை, அது ஊசி செருகும் இடத்தை மறைக்காதவரை நாங்கள் அறுப்பதில்லை. கற்பூரமும் விளக்கும் மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. பக்கத்தில் ஆக்சிஜன் ஓடுகிறது. ஒரு தைப்பூசத்தன்று, காவடி எடுக்க வேண்டியவர் வென்டிலேட்டரில் கிடந்தபோது, அவருடைய தம்பி கோயிலிலிருந்து நேரே மாலையும் சந்தனமுமாக வந்து நின்றார். சுலு செவிலியர் ஒருவர் அவருக்குக் கவச உடை அணிவித்து உள்ளே அழைத்துச் சென்றார். மாலை மட்டும் வெளியே மேசையில் இருந்தது.

கருவியை நிறுத்த மருத்துவருக்கு உரிமை உண்டா? அது கொலை ஆகாதா?

இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூளை இறந்துவிட்டால், இந்நாட்டின் 2003ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுச் சட்டப்படி அந்த மனிதர் இறந்துவிட்டார். இதயம் துடிப்பது கருவியின் துணையால் மட்டுமே. உறுப்புக் கொடை பற்றிய பேச்சு இருக்குமானால், இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே சோதித்துச் சான்றளிக்க வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். இருவரும் உறுப்பு மாற்றுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது.

மற்றது, உயிர் இருந்தும் மீள வழியற்ற நிலை. இது பற்றியும் டர்பன் நீதிமன்றத்திலிருந்தே புகழ் பெற்ற தீர்ப்பு வந்துள்ளது. 1988 முதல் நினைவின்றிக் கிடந்த ஒரு மருத்துவருக்குக் குழாய் வழி உணவை நிறுத்த அவருடைய மனைவி அனுமதி கேட்டார். தம்மை அவ்வாறு வைத்திருக்க வேண்டாம் என்று அம்மருத்துவர் முன்பே எழுதி வைத்திருந்தார். 1992இல் நீதிமன்றம் அனுமதித்தது. பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதும் ஊசி போட்டு உயிரைப் போக்குவதும் வேறு வேறு; இரண்டாவது இன்றும் குற்றம். குடும்பத்தாரிடம் நான் "நிறுத்தலாமா?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் மூத்த மகன் ஆயுள் முழுதும் தானே அப்பாவைக் கொன்றதாக நினைப்பான். "அப்பா பேச முடிந்தால் என்ன சொல்வார்?" என்று கேட்பேன். முடிவின் பொறுப்பு எங்களுடையது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

கோவிட் காலம் எப்படி இருந்தது?

நாட்டின் முதல் நோயாளி 2020 மார்ச் 5ஆம் நாள் நம் மாகாணத்தில்தான் அறிவிக்கப்பட்டார். அடுத்த மாதத்துக்குள், படுக்கை போதாத நிலையில் யாருக்கு முன்னுரிமை என்பதற்கு இந்நாட்டுத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் வழிகாட்டி வெளியிட்டது. நோய்க்கு முன் அம்மனிதர் எவ்வளவு உறுதியாக நடமாடினார் என்பதையும், எத்தனை உறுப்புகள் தளர்ந்துள்ளன என்பதையும் கணக்கில் எடுப்பது அதன் சாரம். நாங்கள் பல ஆண்டுகளாகத் தாளில் செய்துவந்ததை நாடு முழுவதும் அப்போது உரக்கப் பேசியது. ஜூன் மாதம் டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து வென்டிலேட்டரில் உள்ளவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று செய்தி வந்தபோது, அது எங்கள் மருந்தறையில் ஏற்கெனவே பெட்டி பெட்டியாக இருந்தது.

பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மறுபுறத்தில் ஒரு குடும்பம் திருவாசகம் பாடியது. இறுதிச் சடங்குக்கு ஐம்பது பேர் என்று வரம்பு. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

இந்தியாவில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பணியாற்ற முடியுமா?

வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர்கள் நலவாழ்வுத் தொழிலர் மன்றத்தில் பதிவு செய்து, அது நடத்தும் தேர்வில் தேற வேண்டும். வெளிநாட்டவராக இருந்தால் அரசின் வேறு ஒப்புதலும் தேவை. ஆண்டுக் கணக்கில் காத்திருப்பவர்களை அறிவேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் மன்றத்திடம் நேரடியாகக் கேளுங்கள். முகவர்களின் சொல்லை நம்ப வேண்டாம்.

பெண்களுக்கு ஏற்ற பணியா?

இன்றைய ரெஜிஸ்ட்ரார்களில் எத்தனையோ பேர் பெண்கள். இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். இரவுப் பணி ஆணுக்கும் பெண்ணுக்கும் கடினமே. வீட்டில் சமைப்பது யார் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, மாப்பிள்ளையிடம் கேளுங்கள்.

எந்த வயதில் ஓய்வு? அதன்பின்?

அரசுப் பணியில் 65. நான் சற்று முன்னதாகவே விலகினேன்; இரவில் தொலைபேசி அடித்தால் முழுதாக விழிப்பதற்கு முன்னரே பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன், அது நல்ல அறிகுறி அன்று. எனக்குப் பின் பொறுப்பேற்றவர் என்னிடம் பயின்ற பெண்மணி. ஒப்படைக்கும் நாளில் அலுவலறைச் சாவி, கருவிகளின் பட்டியல், விடை வராத கடிதங்களின் கோப்பு எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அவர் அவற்றைத் தொடாமல் மறுப்புப் பதிவேட்டை எடுத்து, என் கையெழுத்தில் இருந்த ஒரு பக்கத்தைக் காட்டி, "ஐயா, இதில் காரணம் சரியாக எழுதவில்லையே" என்றார்.